‘ம்’ கொட்டியவர்

“இந்தம்மா மூணு பக்கம் பேசியிருக்காங்க. எதிர்ல ஆளே இல்லையா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“இருந்தார் மேடம். அவங்க வீட்டுக்காரர்தான்.”

“அவர் என்ன பண்ணிட்டு இருந்தார்?”

“ம் கொட்டிட்டு இருந்தார்.”

“அந்த ‘ம்’ எல்லாம் எங்க?”

“குப்பைன்னு எடுத்துட்டேன் மேடம்” என்றார் காது. சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த மையத்தில் அவரை எல்லோரும் காது என்றுதான் கூப்பிட்டார்கள். சேர்ந்திருப்பதா, பிரிவதா என்று இழுபறியில் இருக்கும் தம்பதிகள் வந்து ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து பேசுகிற இடம் அது. அவர்கள் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்வார்கள். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது இவர் வேலை. பெயர் கிடையாது, எண் மட்டும்: ஜோடி ஒன்று, ஜோடி இரண்டு. மூன்று விதமாக ஆலோசனை சொல்லும் மூன்று ஆலோசகர்களில் யாருடைய முறை நன்றாகப் பலிக்கிறது என்று கண்டுபிடிப்பது டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. விசும்பலுக்கு நடுவே வரும் சொல்லானாலும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவதானாலும் இவரிடம் தப்பாது. அதனால்தான் காது.

இருபது வருடத்துக்கும் மேலாகக் கம்பெனிக் கூட்டங்களின் பேச்சை வீட்டில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த கை அது. இயக்குநர்கள் இருமுவதையும் இழுப்பதையும் யாரும் எழுதச் சொல்வதில்லை. ‘அதாவது’, ‘வந்து’, ‘ம்’ எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு, அவர்கள் பிறந்ததிலிருந்தே சரளமாகப் பேசியவர்கள் போல ஆக்கிக் கொடுத்தால்தான் பாராட்டு. இங்கே சேர்ந்த அன்று கொடுத்த தாளில் ‘பேச்சை அப்படியே எழுதவும்’ என்று இருந்தது. அப்படியே என்றால் சுத்தமாக என்று அவராகவே அர்த்தம் பண்ணிக்கொண்டார். பத்து மாதத்தில் நூற்று நாற்பது பதிவுகள். ‘ம்’ ஒன்றுகூட உயிரோடு தப்பவில்லை.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“நான் தேடிட்டு இருக்கிறதே அந்தக் குப்பையைத்தான்” என்றார். “எல்லாத்தையும் முதல்லேர்ந்து கேளுங்க. ஒவ்வொரு ‘ம்’மையும் அது இருந்த இடத்துல வைங்க. எதிராளி பேசி முடிச்சு எத்தனை நொடி கழிச்சு வந்ததுன்னும் போடுங்க. அப்புறம், ரெண்டு காதுலயும் ஹெட்போனை மாட்டிக்கிட்டுக் கேளுங்க. ஏன் எப்பப் பார்த்தாலும் ஒரு காதைத் திறந்தே வச்சிருக்கீங்க?”

“பழக்கம் மேடம்.”

வெறும் பழக்கம் இல்லை அது. அந்தக் காது வேறொருத்திக்குச் சொந்தம்.

அவர் மனைவி கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். நாள் முழுக்க இருட்டறையில் நின்று, வந்தவர்கள் கண் முன்னால் கண்ணாடிச் சில்லைச் செருகிச் செருகி, “இது தெளிவா, இது தெளிவா?” என்று கேட்கிற வேலை. கல்யாணமான புதிதில் ஒருநாள், “நீங்க அதை மாட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டா நான் யார்கிட்ட பேசுறது?” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இவர் உடனே இடது பக்க ஹெட்போனைப் பின்னால் தள்ளிவிட்டு, “இந்தக் காது இனிமே உன்னோடது. பத்திரம் எழுதித் தரவா?” என்றார். அவள் சிரித்துக்கொண்டே அந்தக் காதைப் பிடித்துத் திருகிவிட்டுப் போனாள். அன்று முழுவதும் காது சூடாகவே இருந்தது.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம், தினமும் மாலை ஆறு மணிக்கு வருவாள். பையை மாட்டிவிட்டு, அவருடைய இடது பக்கம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அன்றைய கதையைச் சொல்வாள். எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து கண்ணை மூடிக்கொண்டே ஒப்பித்த பெரியவர், கண்ணாடி போட்டதும் தன் பெண்டாட்டியைப் பார்த்து “நீயா?” என்று கேட்ட ஆசாமி. வலது காதில் இயக்குநர்கள், இடது காதில் இவள். இவர் ‘ம்’ சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்வார். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. தன்னைப் போல ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று மனதுக்குள் ஒரு மிதப்புகூட இருந்தது மனுஷனுக்கு.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை காலையில் அவள் இரண்டு பெட்டிகளோடு கிளம்பிப் போய், கடைக்கு மேலே மாடியில் இருந்த ஓர் அறையில் தங்கிவிட்டாள். ஒரு வருடத்துக்கு எழுதி வாங்கிய அறை. தண்ணீர் மோட்டாரை எப்போது போடவேண்டும், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். அதில் காரணம் மட்டும் இல்லை.

“ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டா” என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவளிடம் மட்டும் ஏன் போனாய் என்று கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். மோட்டாரைப் பற்றி, வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுடைய தேர்வைப் பற்றி.

ஆனால் வீட்டில் மாலை ஆறு மணியைத் தாங்க முடியவில்லை. அந்த நேரம் ஆனால் இடது காது தானாகக் கூர்மையாகிவிடும். மாடிப்படியில் யாருடைய செருப்புச் சத்தம் கேட்டாலும் விரல் நின்றுவிடும். முக்காலியை எடுத்து ஓரமாகப் போடவும் மனம் வரவில்லை, அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். அதனால்தான் இரவு எட்டு மணி வரை வேலை இருக்கிற இந்த மையத்தில் வந்து சேர்ந்தார். இங்கே அந்தக் காதில் பேச யாரும் இல்லை. ஆனாலும் திறந்தே வைத்திருந்தார்.

மூன்று ஆலோசகர்களுக்கும் அவர் மனதுக்குள் பெயர் வைத்திருந்தார். முதலாமவர் பாட வாத்தியார். வீட்டுப்பாடம் கொடுப்பார். ‘நீ’ என்று வாக்கியத்தை ஆரம்பிக்காதே, ‘நான்’ என்று ஆரம்பி, எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டு என்பார். இரண்டாவது, ஆழம். மெல்லிய குரலில் அந்தம்மா கேட்பது ஒரே கேள்விதான்: “அந்தக் கோபத்துக்கு அடியில என்ன இருக்கு?” கல்லுளிமங்கன்கள்கூட அழுதுவிடுவார்கள். மூன்றாமவர் கூட்டம். பிள்ளை குட்டி, மாமியார் என்று எல்லோரையும் கூட்டி உட்கார வைத்து, இரண்டு பேரைப் பற்றி மூன்றாவது ஆளிடம் கேட்பார்.

நாள் முழுக்க அதையே கேட்டால் யாருக்கும் கை அரிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரின் முறையை எடுத்துவிட்டார்.

“நீ இல்லாம... இல்ல இல்ல. நான். வீடு அமைதியா இருக்கும்போது நான் தனிமையா உணர்றேன்.”

“யாராவது எழுதிக் கொடுத்தாங்களா?” என்றாள் மனைவி.

எழுதியது அவரேதான். ஜோடி ஒன்பது, நாலாவது பதிவு, ஆறாம் பக்கம்.

“மோட்டார் ரொம்பச் சத்தம் போட்டா ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்க” என்றாள் அவள் பேச்சை மாற்றி.

“மோட்டார் சத்தம் போட்டா ஆளைக் கூப்பிடணும்னு சொல்ற. சரியா?”

“என்ன, கேலி பண்றீங்களா?”

அடுத்த மாதம் ஆழம்.

“உன் கோபத்துக்கு அடியில என்ன இருக்கு?”

“எனக்கு ஏது கோபம்? அடியில கடை இருக்கு. நான்தான் மாடில இருக்கேனே.”

இவருக்கு அசடு வழிந்தது. ஆனால் அவள் கொஞ்சம் இறங்கிய குரலில், “ஏன் கேக்குறீங்க?” என்றாள். பதினோரு மாதத்தில் அவள் கேட்ட ஒரே ஒரு ‘ஏன்’ அதுதான். ஆழம் அந்தம்மாவாக இருந்தால் அந்த இடத்தில் பத்து நொடி பேசாமல் காத்திருப்பார். இவர் ஒரே நொடியில், “சும்மாதான்” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். போனை வைத்த பிறகு தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். நீ இல்லாமல் எனக்கு வீடு பிடிக்கவில்லை என்று சொல்ல எந்த முறையும் தேவை இல்லை. அது மட்டும் வாயில் வரவில்லை.

இப்போது அந்த வருடம் முடிகிறது. மாதக் கடைசிக்குள் அறைக்காரருக்கு அவள் பதில் சொல்லவேண்டும், இன்னொரு வருடம் எழுதிக்கொள்வதா, காலி செய்வதா என்று. மூன்று வாரம் இருக்கும்போதுதான் டாக்டரம்மா அந்த நூற்று நாற்பது பதிவுகளையும் அவர் தலையில் கட்டினார்.

இடது காதையும் மூடிக்கொண்டபோது, யாரோ வந்து கூப்பிட்டால் கேட்காமல் போய்விடுமே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. யார் வரப்போகிறார்கள்? மூடிக்கொண்டார்.

உள்ளே ‘ம்’களின் காடு. கேள்வி கேட்கிற ‘ம்?’, மேலே சொல் என்கிற ‘ம்...’, அடுத்தது என் முறை என்று முண்டுகிற ‘ம்ம்’, தொண்டைக்குள்ளேயே உடைந்துபோகிற ‘ம்’. இத்தனையையும் இந்தக் கைதான் கூட்டி வெளியே தள்ளியது. அவருக்கே தன் மேல் எரிச்சலாக வந்தது.

ஜோடி இருபத்தேழு: கணவர் லாரி ஓட்டுபவர், மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். வாத்தியாரிடம் வந்தவர்கள். முதல் பதிவில் அவள், “எங்கம்மா போன அன்னைக்குக்கூட நீங்க” என்று ஆரம்பிக்கிறாள். அவள் முடிக்கும் முன்பே அவருடைய ‘ம்’ வந்து விழுகிறது. ‘பூஜ்யம் நொடி’ என்று போட்டார் காது. பக்கம் முழுக்கப் பூஜ்யம். ஒன்பதாவது பதிவில் அதே பேச்சு மறுபடி வருகிறது. அவள் சொல்லி முடிக்கிறாள். ஒன்றும் இல்லை. ஒரு நொடி, இரண்டு நொடி, மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம், அதற்கப்புறம் ‘ம்’. அவ்வளவுதான். அந்தப் பெண் வெடித்து அழுகிறாள். அழுதுகொண்டே, “இதைத்தான் கேட்டேன்” என்கிறாள்.

பிறகு காது அதையே தேட ஆரம்பித்தார். ஆழத்திடம் வந்து தேறியவர்கள், கூட்டத்திடம் வந்து தேறியவர்கள், எல்லோரிடமும் ‘ம்’ கொஞ்சம் தள்ளி வந்திருந்தது. அதே வாத்தியாரிடம் அதே பாடம் படித்த ஜோடி நாற்பதுக்குக் கடைசி வரை பூஜ்யம்தான். ‘நான்’ என்று அழகாக ஆரம்பித்து அழகாகப் பிரிந்து போனார்கள்.

தாள்களை அள்ளிக்கொண்டு போய் டாக்டரம்மா மேஜையில் வைத்தார்.

“அப்ப எந்த முறையா இருந்தாலும் ஒண்ணுதானா மேடம்?”

“அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது” என்றார் டாக்டரம்மா, தாளைப் புரட்டிக்கொண்டே. “முதலாமவர்கிட்ட வந்தவங்க சீக்கிரம் தேறுறாங்க, சில பேர் ஆறு மாசத்துல பழைய குருடி ஆயிடுறாங்க. ரெண்டாவது அம்மாகிட்ட மெதுவாத்தான் நகருது, ஆனா நிக்குது. மூணாமவர்கிட்ட, வீட்ல யாரும் சொல்லாம வச்சிருக்கிற விஷயம் வெளிய வந்துடுது. கூட்டிக் கழிச்சா மூணும் கிட்டத்தட்ட பக்கத்துல பக்கத்துலதான் நிக்குது. மூணுலயும் மூணுல ஒரு பங்கு ஆளுங்க தேறல. இந்த ‘ம்’ விஷயத்தை வச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இது யார் கண்ணுலயும் படல, உங்க காதுலதான் பட்டிருக்கு.”

பாராட்டுதான். அவருக்கு ஒட்டவில்லை. பூஜ்யம் நொடி ‘ம்’மை எழுத எழுத, இந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று அரித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் குளிக்கும்போது பிடிபட்டது. அது அவருடைய ‘ம்’.

மாதக் கடைசி ஞாயிறு. மிச்சம் இருந்தது கூட்டம் மட்டும்தான். மகளையும் மனைவியையும் ஒரே அழைப்பில் சேர்த்தார்.

“என்னை நடுவுல இழுக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன்ல?” என்றாள் மகள்.

“ஒரே கேள்விம்மா. அம்மா பேசும்போது அப்பா என்ன பண்ணுவேன்?”

“இது என்ன கேள்வி? ‘ம்’னு சொல்வீங்க. அம்மா முடிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுவீங்க. நானும் அம்மாவும் அதை வச்சு விளையாடுவோம். ‘பாலு பொங்குது, வீடு எரியுது, யானை வந்திருக்கு’ன்னு சொல்வேன். எல்லாத்துக்கும் ‘ம்’தான்.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அன்னைக்கும் அதானே சொன்னீங்க” என்றாள்.

“என்னைக்கு?”

“விடு” என்றாள் மனைவி.

“அப்பாவுக்குத் தெரியட்டும்மா. அவர் ஊரெல்லாம் நீ சொல்லாம போயிட்டேன்னு சொல்லிட்டுத் திரியுறாரு.” மகள் குரல் கம்மியது. “‘நான் கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கட்டுமா’ன்னு கிளம்புறதுக்கு முந்தின சாயங்காலம் அம்மா கேட்டாங்கப்பா. நீங்க ‘ம்’னீங்க.”

மூன்று பக்கமும் யாரும் பேசவில்லை. அது எத்தனை நொடி என்று அவர் எண்ணவில்லை.

அழைப்பு முடிந்ததும் பழைய கோப்புகளைத் தேடினார். அவள் கிளம்புவதற்கு முந்தின புதன்கிழமை. ஒரு பம்பு கம்பெனியின் ஆண்டுக் கூட்டம். எட்டாம் தீர்மானம், அதன் மேல் இரண்டு திருத்தங்கள், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர். ஒரு காற்புள்ளிகூடத் தவறவில்லை. அந்தத் தாளில் எந்த வரிக்கும் எந்த வரிக்கும் நடுவில் அவள் கேட்டாள் என்று தேடிப் பார்த்தார். முகம் தெரியாத ஒரு கம்பெனியின் பம்பு விற்பனை அத்தனையும் இருந்தது. அவள் கேட்டது இல்லை. முக்காலியில் உட்கார்ந்து அழுதார். அவர் அதில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் நாற்காலியில் இருக்கிறவனின் காது மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது.

மறுநாள் மத்தியானம் கண்ணாடிக் கடைக்குப் போனார். முகப்பில் இருந்த பெண்ணிடம் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தார். முறை வந்தது. இருட்டறைக்குள் அவளைப் பார்த்தார். வெள்ளை மேலங்கி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, கொஞ்சம் இளைத்திருந்தாள்.

“உட்காருங்க” என்றாள், எல்லோரிடமும் சொல்வது போலவே. சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, சில்லைச் செருகினாள்.

“இது தெளிவா, இது தெளிவா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“அவசரப்படாம பார்த்துட்டுச் சொல்லுங்க.”

பார்த்தார். உண்மையிலேயே இரண்டாவதுதான் தெளிவு. சொன்னார். பிறகு, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

“அன்னைக்கு நீ கேட்டது என் காதுல விழவே இல்ல. நான் சம்மதிச்சேன்னு நீ நெனச்சுட்டே. அது நான் சொன்ன ‘ம்’ இல்ல, பழக்கத்துல வந்தது.”

அவள் அடுத்த சில்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமா கேக்குற ‘ம்’ ஆச்சே. சம்மதிச்சுட்டீங்கன்னு நெனச்சிருந்தா உங்களைச் சும்மா விட்டிருப்பேனா? பெரிய சண்டையே போட்டிருப்பேன். உங்க காதுல விழலன்னு தெரிஞ்சதாலதான் பெட்டியை எடுத்தேன்.”

கையில் இருந்த ஒரே மருந்தையும் அவள் வாங்கித் தரையில் கொட்டிவிட்டாள்.

அவள் பேசினாள். மாடி அறையில் ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, அன்றைய கதையை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சுவரைப் பார்ப்பதைச் சொன்னாள். ஒருநாள் சுவரிடமே சொல்லிப் பார்த்ததையும், அதுவும் ‘ம்’ என்பது போலவே இருந்ததையும் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் சிரித்தாள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார். இருபத்திரண்டு வருடப் பழக்கம், நாலு தடவை ‘ம்’ தொண்டை வரைக்கும் வந்தது. நாலு தடவையும் விழுங்கினார்.

“என்ன, ஒரு ‘ம்’கூடக் காணோம்?”

“கேட்டுட்டு இருக்கேன்.”

அவள் கை சட்டத்தின் மேல் நின்றது. வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள்.

“அறைக்காரர் சாயங்காலம் வருவார். இன்னொரு வருஷத்துக்கு எழுதிடட்டுமா?”

அவர் அந்தக் கேள்வியைக் கடைசி எழுத்து வரை கேட்டார். முடிந்த பிறகும் கேட்டார். இன்னொரு வருடத்து ஆறு மணிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார்.

“ம்ஹும்” என்றார். “எழுதாத. நீ இல்லாம எனக்கு அந்த வீடு வேண்டாம்.”

அவள் சில்லுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். சட்டத்தையும் கழற்றினாள். எழுத்துப் பலகை மங்கிப்போனது, அவளும் மங்கலாக நகர்ந்தாள். எந்தப் பக்கம் போனாள் என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வேலைப் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

நாலாவது நொடியில், இடது பக்கத்திலிருந்து, “ம்” என்றாள்.